பசுமரத்தாணி: மதுரைச் சமவெளியில் முக்காலியும் பெஞ்சும் வந்த வழி

மனத்தில் ஆழப் பதிந்த எதையும் ‘பசுமரத்தாணி போல’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழாசிரியர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை இந்த உவமையைத் தொடாதவர் இல்லை. பச்சைக் கட்டையில் ஆணி அடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து அதைப் பிடுங்கிப் பார்த்தவர்தான் குறைவு. பார்த்தால் உவமை ஆட்டம் காணும். இரும்பு ஆணி பச்சை மரத்தில் சுலபமாக இறங்கும், உண்மை. ஆனால் அது நார்களை விலக்கிக்கொண்டு இறங்குகிறது. மரம் காயக் காய விலகிய நார்களின் அழுத்தம் தளர்ந்து, ஆணி தன் பிடியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் வெளியிடும் மரக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அப்படியானால் உவமை பொய்யா? ஆணி என்றதும் இரும்பை நினைப்பதுதான் நம் பிழை என்று தோன்றுகிறது. காய்ந்த மர ஆணியை, துளையிட்ட பச்சைக் கட்டைக்குள் இறக்கிப் பார்த்தால் கதை வேறு. கட்டை காயும்போது சுருங்கும்; துளையும் சேர்ந்து சுருங்கும்; ஏற்கெனவே காய்ந்த ஆணி சுருங்காது. சில மாதங்களில் இரண்டும் ஒன்றையொன்று விடாது. பசையும் இல்லை, இரும்பும் இல்லை. உவமையைக் கட்டியவர் எந்த ஆணியை நினைத்தாரோ, நிரூபிக்க வழியில்லை. ஆனால் தச்சுப் பட்டறை ஓரத்தில் நின்று பார்த்த ஒருவருக்கு இந்த இரண்டாவது ஆணி தெரியாமல் இருந்திருக்காது.

மேலை நாடுகளில் ‘பச்சைமரத் தச்சு’ இன்று ஒரு தனிக் கலையாகப் போற்றப்படுகிறது. வெட்டிய மரத்தை அறுப்பாலைக்கு அனுப்பாமல், ஈரம் காயுமுன் ஆப்பு வைத்துப் பிளந்து, கோடாரியால் செதுக்கி, முக்காலியும் பெஞ்சும் செய்யும் முறை அது. இதன் நேர் வடிவத்தை மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சமவெளிகளிலும் தேடியபோது எனக்குக் கிடைத்தது சற்றே ஏறுமாறான வரலாறு. பச்சை மரத்தை ஆளும் அறிவு இங்கே குறைவில்லாமல் இருந்தது. ஆனால் அது இருக்கைக்காகப் பிறக்கவில்லை. கலப்பைக்கும் வண்டிக்கும் போக மிஞ்சிய கட்டையில்தான் முக்காலி வந்தது. அதன் உயரத்தையோ தச்சர் மட்டும் தீர்மானிக்கவில்லை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்ற ஊர்க்கணக்கும் சேர்ந்து தீர்மானித்தது.

மிஞ்சாத பொருளுக்குச் சான்று

மரத்துக்கு இரண்டு எமன்கள்: கறையான், அடுப்பு. முன்னது விட்டதைப் பின்னது தின்றுவிடும். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வுகள் செங்கல் கட்டுமானங்களையும், கூரை ஓடுகளையும், இரும்புப் பொருள்களையும் தந்திருக்கின்றன. அங்கே எடுத்த மாதிரி ஒன்றின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. ஆனால் அந்த ஓடுகளைத் தாங்கிய மரச்சட்டம் இல்லை. அந்த வீட்டுக்காரர் எதன்மேல் உட்கார்ந்தார் என்பதைக் காட்டும் ஒரு கட்டையும் இல்லை.

எனவே சொல்லைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சங்கப் பாடல்களில் தச்சர் வரும் இடங்களில் இரண்டு இந்த ஆய்வுக்கு முக்கியமானவை. இரண்டும் ஔவையார் பாடியவை. புறநானூற்றின் 206-ஆம் பாடலில், மழுவோடு காட்டுக்குள் போகும் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். கலை கற்றவருக்கு எங்கே போனாலும் பிழைப்புண்டு என்பதற்கு அவர்கள் உவமை. உவமையை ஒதுக்கிவிட்டுக் காட்சியை மட்டும் பார்த்தால், தொழில் தொடங்குவது மரம் நிற்கும் இடத்திலேயே என்பது தெரிகிறது. அறுத்து அடுக்கிய பலகைக் கிடங்கு அங்கே இல்லை. மரத்தைக் கண்டதும் அதற்குள் எந்தப் பொருள் ஒளிந்திருக்கிறது என்று அறியும் கண்தான் அந்தப் பிள்ளைகளின் மூலதனம். 87-ஆம் பாடலில், ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சர் ஒரே ஒரு தேர்க்காலுக்கு ஒரு மாதம் உழைக்கிறார். இதை வெறும் புகழ்ச்சி என்று தள்ளுவதற்கில்லை. வேகமாக முடிக்க வேண்டிய வேலையும், நேரம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையும் வெவ்வேறு என்ற பட்டறை ஞானம் அதற்குள் இருக்கிறது. சக்கரம் சுருங்கினால் வண்டி கவிழும். ஸ்டூல் சுருங்கினால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

இருக்கை பற்றிய சொற்களைத் தேடினால் கண்ணில் படுவது ‘கட்டில்’. இன்று நாம் படுக்கும் பொருள். அன்று அரியணைக்கும் அதே பெயர். ஆரியப்படை கடந்த பாண்டியன் நெடுஞ்செழியன் ‘அரசு கட்டிலில் துஞ்சிய’ என்ற அடையோடுதான் வரலாற்றில் நிற்கிறார். கண்ணகி வழக்கில் தன் தீர்ப்பு தவறென்று கண்டதும் உயிர் விட்டது அந்த ஆசனத்தில். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் விவரிக்கும் அழகைத் தச்சர் யாராவது படித்தால் தலையாட்டுவார். நாற்பது வயது யானையின் தந்தம், கூரிய உளி, குடம்போலத் திரண்டு பூண்டுபோல முடியும் கால்கள் என்று அளவும் வடிவும் அதில் வருகின்றன. அது அரண்மனை. புறநானூற்றின் 82-ஆம் பாடலில் வருவது தெருக்கட்டில். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், மழை வேறு. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டுமென்று கட்டிலை வாரால் பின்னும் தொழிலாளியின் ஊசி பறக்கிறது. அந்த வேகத்தை ஒரு மற்போர் வீரனின் வேகத்துக்கு உவமையாக்குகிறார் சாத்தந்தையார். அந்தத் தொழிலாளியைக் குறிக்கும் சொல் இழிவானது என்பதையும் கவனிக்க வேண்டும். இருக்கை செய்தவருக்கு இருக்கையில் இடமில்லாத கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

தொல்காப்பிய மரபியல் இன்னொரு திறவுகோல் தருகிறது. உள்ளே வைரம் கொண்டவை மரம். வெளியே வைரம் கொண்டவை புல். அதன்படி பனையும் மூங்கிலும் மரமே அல்ல. இலக்கணம் என்று நாம் மனப்பாடம் செய்த இந்த வகைப்பாடு, கோடாரி பிடித்தவருக்கு நேரடியான வேலைக் குறிப்பு. கருவேலில் நடுக்கட்டையை எடு, வெளிறை விடு. பனையில் வெளிப்புறத்தை எடு, நடுச்சோற்றை விடு.

கண்மாய்க்கரையும் வாய்ச்சியும்

மதுரைச் சமவெளியின் ஊர்ப்பெயர்களை வாசித்தாலே ஒரு மரப்பட்டியல் கிடைத்துவிடும். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்தது உசிலை. கடம்பவனம் என்பது மதுரைக்கே பழம்பெயர். வைகைத் துறைக்கு மருதத்தால் பெயர். ஆனால் இருக்கை வரலாற்றுக்கு வேண்டிய மரங்கள் தலபுராணத்தில் வருபவை அல்ல. கண்மாய்க்கரையிலும் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நின்றவை. கருவேலம், வேம்பு, பூவரசு, புளி, வாகை, மஞ்சணத்தி, பனை.

இவற்றில் முதல் மரியாதை கருவேலுக்கு. கலப்பைக்கு வேண்டியது நேரான மரமல்ல, வளைந்த மரம். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். உழும்போது அந்த இடத்தில் முறியும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கொம்பிலோ நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். ஆகவே தச்சர் கண்மாய்க்கரையில் நடந்து, நிற்கும் மரத்திலேயே தன் கலப்பையைப் பார்த்து வைப்பார். பச்சைமரத் தச்சின் முதல் விதி இதுதான்: வடிவத்தை மரத்தின் மேல் திணிக்காதே, மரத்திலிருந்து எடு. கவட்டையாகப் பிரிந்த கிளை தொழுவத்துக்குத் தூணாகும். லேசான மஞ்சணத்தி நுகத்தடியாகும், மாட்டின் கழுத்தை அழுத்தாது.

கலப்பையில் இரும்பு என்று சொல்லத்தக்கது கொழு ஒன்றுதான். அழகர்மலைக் குகைத்தளத்துத் தமிழி கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர் ஆகியோரோடு ‘கொழு வணிகர்’ ஒருவரும் வருகிறார். மதுரையில் கொழுவை விலைக்கு விற்க ஆள் இருந்திருக்கிறார். கலப்பை வணிகர் என்று எவரும் அங்கே இல்லை. இரும்பு சந்தைக்கு வந்தது, மரவேலை ஊருக்குள்ளேயே நடந்தது என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. ஒற்றைக் கல்வெட்டின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

பச்சையாக ஏன் செய்தார்கள்? முதற்காரணம் கை வலி. வைரம் பாய்ந்த கருவேல் காய்ந்துவிட்டால் உளி நழுவும், வாய்ச்சி தெறிக்கும். ஈரத்தோடு இருக்கும்போது அதே கட்டை இணங்கும். வாய்ச்சி என்பது மண்வெட்டிபோல் குறுக்குவாய் கொண்ட செதுக்கும் கருவி, பேச்சில் வாச்சி. கோடாரி, வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, துளைபோடத் துரப்பணம்: கிராமத்துத் தச்சருக்கு இந்தச் சிறிய மூட்டை போதும். இழைப்புளி அழகுக்கு, வாள் பலகைக்கு. பெரிய கட்டையைப் பலகையாக அறுக்க இரண்டு ஆள் கூலி வேண்டும். ஆப்பு வைத்துப் பிளந்தால் ஒரு ஆளே போதும். பிளந்த கட்டையில் நார் அறுபடுவதில்லை. அதனால் அறுத்த காலைவிடப் பிளந்த கால் மெலிதாக இருந்தாலும் பாரம் தாங்கும்.

இரண்டாவது காரணம் வெயில். இங்கேதான் மேலை நாட்டுக் கையேடுகள் நமக்குப் பொருந்தாமல் போகின்றன. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் முழுக்கட்டை வெடிக்கிறது. இங்கிலாந்தின் ஈரக்காற்றில் கட்டை மெல்லக் காயும். பங்குனி, சித்திரை மதுரையில் அதற்கு அவகாசமே இல்லை. வெட்டுமுகம் ஒரு வாரத்தில் வாய் பிளந்துவிடும். அதற்கு இங்கே கண்ட வழிகள் மூன்று. வெட்டுமுகத்தில் சாணியையும் மண்ணையும் குழைத்து அப்புவது. நடுமையத்தை விட்டுப் பிளப்பது. கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போடுவது. ஊறல் என்பது முரண்போலத் தோன்றும், காயவேண்டிய மரத்தை நனைப்பானேன் என்று. வெளிறுக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போனால் உளுக்கும் வண்டுக்கு அங்கே சாப்பாடு இல்லை என்பதே கணக்கு. வெட்டுவதற்குத் தேய்பிறை பார்க்கும் வழக்கத்தையும் இதே அச்சத்தோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். சந்திரனுக்கும் உளுவுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மணை, முக்காலி, நார்க்கட்டில்

கலப்பை முடிந்தபின் கிடக்கும் துண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு முழத்துக்குக் குறைந்த கட்டைகள், கைப்பிடி கனமுள்ள கொம்புகள், ஒரு பக்கம் தட்டையாகப் பிளந்த தடித்த சிராய். அடுப்புக்குப் போக வேண்டியவை. தட்டைத் துண்டை வாய்ச்சியால் சமன் செய்தால் மணை. அதில் மூன்று துளை போட்டுக் கொம்புகளை இறக்கினால் முக்காலி. மரமும் கருவியும் ஆளும் ஒன்றே என்பதால்தான் முக்காலியைக் கலப்பையின் மிச்சம் என்கிறேன்.

அதன் பொறியியல் எளிது, ஆனால் அசட்டுத்தனமானதல்ல. பூவரசுபோல் லேசில் வெடிக்காத மரத்தில் பலகை. காய்ந்த கருவேலில் கால். துளைகள் நேர்ச்செங்குத்தாக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். காலின் தலை பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கும்; அதைக் கீறி ஒரு ஆப்பு. அந்த ஆப்பைப் பலகையின் நாருக்குக் குறுக்காக இறக்க வேண்டும். நார் வாட்டத்தில் இறக்கினால் ஆப்பே பலகையைப் பிளந்துவிடும். பிறகு பலகை காய்ந்து காலை இறுக்கும். முன்னே சொன்ன பசுமரத்தாணியேதான். நாலு கால் இல்லாமல் மூன்று கால் ஏன் என்பதற்கும் விடை தரையில் இருக்கிறது. சாணி மெழுகிய மண்தரை எங்கே சமமாக இருந்தது? மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் பதியும். நான்காவது புள்ளி ஆடத் தொடங்கும்.

மூன்று காலுக்கு ஒரு குறை உண்டு. பாரம் கால்களுக்கு நடுவே உள்ள முக்கோணத்தை விட்டு வெளியே போனால் ஆள் உருள்வார். கரிசல் நிலத்தின் பெருங்கதைசொல்லி கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ சிறுகதை இந்தக் குறையில்தான் தொடங்குகிறது. விருந்தாளியாக வந்த பெரிய மனிதர் முக்காலியில் உட்காரப்போய் விழ, அந்த வீட்டுக்கு நாற்காலி ஒன்று தேவைப்படுகிறது; வந்த நாற்காலியோ கடைசியில் ஊரில் செத்தவர்களை உட்கார வைக்கும் பொருளாகிறது. நகைச்சுவைக் கதையாகவே படிக்கப்படும் அதைப் பொருள்சார் பண்பாட்டின் ஆவணமாகவும் படிக்கலாம் என்பது என் கருத்து. உயிரோடு இருப்பவருக்கு மண்தரையும் மணையும் போதும் என்றிருந்த ஒரு சமூகம், உயர்ந்த ஆசனத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் திகைத்த கணம் அதில் பதிவாகியிருக்கிறது.

முக்காலியும் மணையும் பெரும்பாலும் பெண்களின் இருக்கை என்பதையும் சொல்ல வேண்டும். அரிவாள்மணை இதற்கு நல்ல சாட்சி. அதன் பெயரிலேயே பாதி இருக்கை. அரிவாளைத் தாங்கும் கட்டையை உடம்பின் பாரத்தால் அழுத்திக்கொண்டே காய் நறுக்க வேண்டும். அது கருவியா, ஆசனமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆணுக்கு இருக்கை வேண்டியிருக்கவில்லை. அவனுக்குத் திண்ணை இருந்தது, மந்தை மேடை இருந்தது, சாவடி இருந்தது. வழிப்போக்கருக்குக் கல்லால் ஆன சுமைதாங்கி. நம் ஊரில் இருக்கை கட்டடத்தோடு சேர்ந்தது. எடுத்துப் போகிற இருக்கைக்குப் பெரிய தேவை எழவில்லை. இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் நீள மரப்பலகை இங்கே தாமதமாக வந்ததற்குத் தச்சரின் திறமைக்குறைவு காரணமல்ல. திண்ணையின் நிறைவு காரணம்.

நார்க்கட்டில் விதிவிலக்கு. நான்கு கால், நான்கு சட்டம், பனைமட்டையில் உரித்த நார். காலில் துளை, சட்டத்தில் முனை, பசை கிடையாது. பின்னலின் இழுவை நான்கு சட்டங்களையும் உள்நோக்கி இழுத்துக் கால்களோடு கவ்விப் பிடிக்கிறது. மரம் சுருங்கினால் பின்னலைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும். சரியாகக் காயாத வேம்பைக்கூட இதில் தைரியமாகப் பயன்படுத்தலாம். ‘கட்டில்’ என்ற சொல்லில் ‘கட்டு’ இருப்பது தற்செயலில்லை.

சுதந்திரம் என்றால் நெல்

இத்தனைக்கும் கூலி? தச்சருக்குக் காசு அபூர்வம். அறுவடைக் களத்தில் குவியல் அளக்குமுன் அவர் பங்கு பிரிந்துவிடும். அந்தப் பங்குக்குப் பெயர் ‘சுதந்திரம்’; ஊர்த்தொழில் செய்பவரின் பரம்பரை உரிமை என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘தச்சக்காணி’ இதே ஏற்பாட்டின் நில வடிவம். ஆண்டு முழுதும் கலப்பை பழுது பார்ப்பது அந்த நெல்லுக்கான கடமை. முக்காலி அந்தக் கணக்கில் தனிப்பொருளாக ஏறியிருக்க வாய்ப்பில்லை. கேட்ட வீட்டுக்குக் கேட்டபோது செய்து கொடுக்கும் சில்லறை. விலை இல்லாத பொருளுக்கு வணிகப் பதிவும் இல்லை. மதுரை நாட்டைப் பற்றி ஜே. எச். நெல்சன் 1868-இலும், டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இலும் எழுதிய பெரிய நூல்களில் நெசவும் சாயமும் பெறும் இடத்தை இந்தச் சில்லறைத் தச்சு பெறாமல் போனதில் வியப்பில்லை. மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் 1949-50 காலத்தில் தங்கி ஆய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் (நூல் 1957) போன்றவர்கள்தான் வீட்டுச் சாமான்களையும் கருவிகளையும் கவனித்துப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் ஹை விக்கோம் வட்டாரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே காட்டுக்குள் கூடாரம் போட்டுப் பச்சை மரத்தைப் பிளந்து, கால்மிதிக் கடைசலில் நாற்காலிக் கால்களை மட்டும் கடைந்து தொழிற்சாலைக்கு விற்றவர்கள் இருந்தார்கள். கால் ஒரு சரக்கு. நம் முக்காலியின் கால் ஊரெல்லையைத் தாண்டவே இல்லை. அங்கே சரக்காக இருந்தது தேய்ந்து மறைந்த பின்னும் பொழுதுபோக்குக் கலையாக மீண்டது. பால்டிமோர் வழக்கறிஞர் ஜென்னி அலெக்சாண்டர் 1978-இல் வெளியிட்ட ஒரு நூல் அமெரிக்காவில் அந்த ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது. நெல்லுக்குச் செய்த வேலை அப்படி மீள்வது கடினம். நெல் நின்றதும் வேலையும் நின்றது.

மரமும் கை மாறியது. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் மலைக்காட்டை வேலியிட்டது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க ‘2சி பட்டா’ என்று ஒரு தனி உரிமைச்சீட்டே ஏற்பட்டது. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் கண்மாய் உட்பகுதிகளில் ஏக்கர் ஏக்கராகக் கருவேல் வளர்த்தது. மரம் பெருகியது, உண்மை. ஆனால் அது மொத்தமாக ஏலம் போகும் மரம். கரையில் நடந்து தன் கலப்பைக்கு ஒரு வளைவைக் கண்ணால் குறித்துவைக்கும் தச்சருக்கு ஏலத்தில் இடமில்லை.

பெஞ்சு

நீள இருக்கைக்குத் தமிழ்நாட்டுப் பேச்சுத்தமிழில் சொந்தச் சொல் நிலைக்கவில்லை. பழைய அகராதிகள் ‘விசிப்பலகை’ என்கின்றன. விசித்தல் என்றால் இழுத்துக் கட்டுதல். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த ‘வாங்கு’ம் ‘கதிரை’யும் இன்றும் வழங்குகின்றன. மதுரைக்காரர் ‘பெஞ்சு’ என்கிறார். பொருள் வந்த வாசல் எதுவென்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது: பள்ளிக்கூடம், கச்சேரி, ரயில் நிலையம். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் காலூன்றியது. ரயில் 1875-இல் வந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் உட்கார்ந்தார்கள், புதுப்பள்ளியில் பெஞ்சில். பெஞ்சு வந்ததும் ‘பெஞ்சு மேல் ஏறி நில்’ என்ற தண்டனையும் ‘மாப்பிள்ளை பெஞ்சு’ என்ற கடைசி வரிசையும் கூடவே வந்தன. இந்தப் பெஞ்சு அறுத்த பலகை, இரும்பு ஆணி. பச்சை மரத்துக்கு அங்கே வேலையில்லை.

பச்சை மரம் திரும்ப நுழைந்தது தேநீர்க்கடை வழியாக. தேயிலை நிறுவனங்களின் கூட்டு விளம்பரம் 1930-களில் ஊர் ஊராக இலவசத் தேநீர் கொடுத்துப் பழக்கியது. சாலையோரத்தில் கடை போட்டவருக்குச் செலவில்லாத பெஞ்சு வேண்டியிருந்தது. இரண்டு கவட்டைக் கம்புகளை மண்ணில் நட்டு, மேலே பிளந்த பனந்துண்டு ஒன்றைக் கிடத்தினால் முடிந்தது. பனைக்கு நார் நேராக ஓடுவதால் ஆப்பில் சீராகப் பிளக்கும். சோற்றை வழித்தெடுத்துக் குப்புறப் போட்டால் வைரம் மேலே. தச்சரே தேவையில்லை. கம்பு பூவரசாக இருந்தால் மழைக்காலத்தில் பெஞ்சுக்கால் துளிர்விடுவதும் உண்டு.

துளிர்விட்டதை ரசித்துக்கொண்டே அடுத்ததைக் கடந்துவிட முடியாது. அந்தப் பெஞ்சில் எல்லோரும் உட்காரவில்லை. மதுரை மாவட்டத்தின் பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குவளை, தரையில் இடம் என்பது நீண்டகாலம் நடைமுறை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடந்தது 1939 ஜூலை 8. கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாடு கூடாதென அரசியலமைப்பின் 15-ஆம் கூறு சொன்னது 1950-இல். இரட்டைக் குவளை பற்றிய புகார்களோ 21-ஆம் நூற்றாண்டிலும் வந்துகொண்டிருந்தன. கோபுரவாசல் திறந்த பிறகும் பல பத்தாண்டுகள், முழங்கால் உயரமுள்ள ஒரு பனந்துண்டு திறக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் என்பது உடம்பின் அளவாக மட்டும் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. மணையின் தாழ்வையும் முக்காலியின் குட்டை உருவத்தையும் வெறும் மரச்சிக்கனமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

சீமைக்கருவேல்

டிராக்டர் வந்தது, மரக்கலப்பை போனது; கலப்பை போனதும் மிச்சக்கட்டையும் போனது. 1990-களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்து கல்யாண மண்டபத்திலிருந்து கண்மாய்க்கரை வரை அமர்ந்துகொண்டது. இவை எல்லோரும் அறிந்தவை. அதிகம் கவனிக்கப்படாதது வேறொன்று: மரப்பஞ்சம் இதற்குக் காரணமல்ல. வனத்துறை அதிகாரி பெட்டோம் 1876-இல் விதை கேட்டு எழுத, அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தில் கால்வைத்த சீமைக்கருவேல், இன்று தென்மாவட்டக் கண்மாய்களை மூடி நிற்கிறது. 2017-இல் அதை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உள்ளூர்ப் பேச்சில் அந்தக் கிளைக்கும் ‘பெஞ்ச்’ என்றுதான் பெயர். பெஞ்சுக்கும் வேலமரத்துக்கும் இப்படி ஒரு சந்திப்பு.

வெட்டியது பெரும்பாலும் கரிமூட்டத்துக்கும் விறகுக்கும் போகிறது. ஆனால் இந்த இனத்து மரங்களுக்கு ஒரு அபூர்வக் குணம் உண்டு. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். அதுவும் இரு திசைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில். அதாவது வெடிப்பு குறைவு. நீளப்பலகைக்குத் தோதுப்படாத அதன் குட்டையான, கோணலான கட்டைகள் முக்காலிக் காலுக்குப் போதும். பழைய தச்சர் கேட்டிருக்கக்கூடிய மரம், அவர் பட்டறை மூடிய பிறகு வாசலில் வந்து நிற்கிறது. இதற்கிடையே செக்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. ‘வாகை மரச்செக்கு’ என்று பலகை எழுதிய எண்ணெய்க் கடைகள் பெருகியதால் பெருங்கட்டையைக் குடையும் கைகளுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது.

நகரத்துக்குள் பச்சை மரம் இன்னும் வீறாப்போடு விற்பனையாகும் இடம் ஒன்று உண்டென்றால் அது கறிக்கடை. வெட்டும் கட்டைக்குப் புளிதான் வேண்டும். பூங்கட்டையைப் போல நார் உதிர்ந்து கறியோடு ஒட்டக்கூடாது. குறுக்கே அறுத்த வட்டக்கட்டை கடைக்கு வரும். தினமும் நனைந்துகொண்டே இருப்பதால் மெல்லக் காயும். வருடக்கணக்கில் கத்தி பட்டு நடுவில் குழி விழுந்ததும் அதை ஓரமாக உருட்டி, குழி கீழாகக் கவிழ்த்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வயதானவர் யாராவது வந்து நின்றால், கடைக்காரர் கத்தியாலேயே அதைச் சுட்டிக்காட்டி, “அதுல உக்காருங்கண்ணே” என்பார்.